அகழியைத் தாண்டாத மகனுக்கு

நேசன்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. காவியைக் கழற்றிவிட்டதாகவும், பாங்கொக்கில் ஒரு நண்பனுடைய அறையில் தங்கியிருப்பதாகவும், தலைமுடி வளரத் தொடங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், "அம்மா, நான் வீட்டுக்கு வரலாமோ?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒரு தபால் அட்டை போதும். ஆனால் அதற்கு முன்னால் நீ அறிய வேண்டியவை இருக்கின்றன. நீ வந்து இறங்கிய பிறகு முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. எனக்கு அழுகை வரும், நீ ஆறுதல் சொல்லத் தொடங்குவாய், சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போய்விடும். அதனால் எழுதுகிறேன். ஓரிடத்தில் இருந்து அவசரப்படாமல் வாசி.

நீ பல்கலைக்கழக விடுமுறைக்குப் பாங்கொக் பக்கம் சுற்றிப் பார்க்க என்று முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட நாளில், "போட்டு வாறன்" என்றுதான் சொன்னாய். அப்பா காரை வெளியே எடுத்து, உன்னை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தார். ஒரு மாதம் என்றாய். பிறகு, இன்னும் கொஞ்ச நாள் நிற்கிறேன் என்று எழுதினாய். பிறகு ஒரு புகைப்படம் வந்தது. மொட்டைத் தலை, காவி உடை, வெறும் கால். துறவியாகிவிட்டதாகவும் புத்த நூல்களைப் பாளி மொழியில் படிப்பதாகவும் பின்பக்கத்தில் எழுதியிருந்தாய். நான் அதைக் குசினி மேசையில் போட்டுவிட்டு அழுதேன். அப்பா எடுத்து யன்னலடியில் வைத்துப் பார்த்தார். "ஊரிலை சிங்களம் படிச்சால்தான் பதவி உயர்வு எண்டாங்கள். படிக்கமாட்டன் எண்டு நான் வேலையை விட்டுப்போட்டு இஞ்ச வந்தன். இப்ப என்ர மகன் பாளி படிக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார். இத்தனை வருடம் கூட வாழ்ந்த எனக்கே அது என்ன சிரிப்பு என்று பிடிபடவில்லை.

இலங்கையில் குளங்களும் அணைகளும் கட்டிய மனிதர், மெல்பேர்ணில் ஒரு கந்தோரில் மற்ற எஞ்சினியர்கள் போட்ட கணக்குக்கு வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள், டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் கார் உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடுக்கினேன். உனக்கும் உன் தங்கச்சி ரஞ்சினிக்கும் படிப்பு அமைய வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருந்தோம். இதைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது சொல்லிக் காட்டத்தான் வேண்டும் போலிருக்கிறது.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புல் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே இருந்துவிட்டார். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரேயொரு சொல் மட்டும் மிஞ்சியது: "ஓம்." பசிக்குதோ என்றால் ஓம். நோகுதோ என்றால் ஓம். வேண்டாமோ என்றாலும் ஓம். சொல்ல வேறு ஒன்றும் அகப்படாமல் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, தன்னிலேயே கோபம் வந்து இடக்கையால் கட்டிலில் அடிப்பார். ரஞ்சினி உனக்குத் தந்தி அடித்தாள். அப்பாவுக்காகத் தியானம் செய்கிறேன் என்று பதில் வந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. "நேசனைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். அந்த ஓம் மற்ற ஓம்களைப் போல இல்லை. கண்ணும் சேர்ந்து சொன்னது. ரஞ்சினி தன் படிப்பை ஒத்திவைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். நான் தனியாக விமானம் ஏறினேன். எழுபத்தாறாம் ஆண்டு, அங்கே மழைக்காலம்.

நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று நீ அன்றைக்குக் கேட்கவில்லை. பாங்கொக்கிலிருந்து ரயில், பிறகு ஒரு பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றும் ஒரு லொறி. பாதை முழுதும் சிவப்புச் சேறு. வயல்களுக்கு நடுவே தண்ணீர் எது, நிலம் எது என்று தெரியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கம்போடியா, அங்கே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது என்று லொறிக்காரன் கையைக் காட்டி அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான். உன் விலாசம் எழுதிய துண்டை அவனிடம் காட்டிக் காட்டித்தான் வந்தேன். கடைசியில் ஒரு மரக்கூட்டத்துக்கு மேலே செங்கல் கோபுரம் ஒன்று தலையைக் காட்டியது. கிட்டப் போனதும் தாமரை நிறைந்த அகழி, செம்புரைக் கல் மதில், மதிலுக்குள்ளே வேர் பாய்ந்து சாய்ந்த கோபுரங்கள். நான் ஒரு பௌத்த மடத்தைத் தேடித்தான் வந்தேன், நேசன். எனக்கு முன்னால் நின்றது சிவன் கோயில். அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. வாசல் நிலைக்கு மேலே கல்லில் நடராசர் ஆடிக்கொண்டிருந்தார். கருவறையின் பக்கச் சுவரில் அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் கோமுகி இருந்தது. அத்தனை தூரம் வந்த களைப்பில் எனக்கு ஒரு கணம் பெரிய ஆறுதல். என் பிள்ளை வழி தவறவில்லை, சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆவுடையார் இருந்த இடத்திலேயே இருந்தது. லிங்கம் இல்லை. அந்தக் குழியில் சீமெந்து பூசி, பொன் தாள் ஒட்டிய புத்தர் சிலையை வைத்திருந்தார்கள். முன்னால் ஊதுபத்தி, தாமரை மொட்டு. புத்தரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் அரச மரத்தடியில் ஒரு புத்தர் சிலை வந்தால் அடுத்து விகாரை வரும், பிறகு எங்கள் நிலம் போகும் என்று பயந்து வாழ்ந்தவள் நான். அந்தப் பழைய பயம் திரும்ப வந்தது. அந்த நேரத்தில்தான் பின்னால், "அம்மா" என்று உன் குரல் கேட்டது.

திரும்பினேன். மெலிந்திருந்தாய். என் கை தானாக உன் கன்னத்துக்கு வந்தது. நீ ஒரு அடி பின்னால் வைத்து, "தொடாதேங்கோ அம்மா" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். துறவியைப் பெண்கள் தொடக்கூடாது என்பது அங்கே முறை என்று பிறகு விளங்கியது. தொடக்கூடாத பெண்களில் பெற்றவளும் ஒருத்தி என்று அறிந்துகொள்ள அவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

அன்றைக்கு நீ அந்தக் கோயிலை எனக்குச் சுற்றிக் காட்டினாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றி எரிகிறது. அப்பா படுக்கையில் கிடக்கிறார் என்று சொல்ல வந்தவளுக்கு நீ கல்லைக் காட்டினாய். எந்த அரசன், எந்தக் காலம், எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் சொன்னாய். கண் மின்னியது. "பாருங்கோ அம்மா, வாசலிலை நடராசர், உள்ளுக்குப் புத்தர். ரெண்டு பேரும் ஒண்டா இருக்கினம்" என்றாய்.

"ஒருத்தரை எழுப்பிப்போட்டுத்தான் மற்றவர் இருக்கிறார்" என்றேன்.

"அப்பிடியில்லை அம்மா. ஆரும் எழுப்பேல்லை. அரசனும் போயிட்டான், சனமும் போயிட்டுது. காடு மூடிக் கிடந்தது. கன காலத்துக்குப் பிறகு ஆரோ வந்து துப்பரவாக்கி விளக்கு வைச்சினம். அவையளுக்குத் தெரிஞ்ச சாமி புத்தர். அதாலை புத்தரை வைச்சினம். விளக்கு இல்லாமல் கிடந்தால் நல்லமோ?"

அது நியாயமான பதில்தான். இப்போதும் எனக்கு அதற்கு மறுப்பு இல்லை. கல்லுக்கு அவ்வளவு நியாயம் கண்டுபிடிக்கத் தெரிந்த உனக்கு, "அப்பா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்க அன்று பின்னேரம் ஆக வேண்டியிருந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

ஊரில் மாலி என்பவளின் வீட்டில் எனக்கு இடம் கொடுத்தார்கள். என் வயதுதான் அவளுக்கும். ஆண் பிள்ளை இல்லை. காலையில் நீ பிச்சைப் பாத்திரத்தோடு வரும்போது முதலில் சோறு போடுபவள் அவள்தான். உனக்கு எந்த மீன் பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நீ துறவி ஆனதால் நான் உன் காவி உடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு சொர்க்கம் போவேனாம். எவ்வளவு கொடுத்துவைத்த தாய் என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஆங்கிலம் தெரிந்த பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அதை எனக்கு மொழிபெயர்த்தார். "எனக்குச் சொர்க்கம் வேண்டாம், இவனுடைய தகப்பனின் கட்டிலடியில் இவன் நின்றால் போதும் என்று சொல்லுங்கள்" என்றேன். ஆசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் வேறு ஏதோ சொன்னார். மாலி சந்தோஷமாகச் சிரித்தாள்.

அடுத்த நாள் காலை, அகழிக்குள்ளேயே கோயிலை ஒட்டியிருந்த மடத்துக்கு அவளோடு நானும் வந்தேன். தகரக் கூரை போட்ட மண்டபத்தில் நீ மேடையில் இருந்தாய். ஊர்ச் சனம் எல்லாம் கீழே பாயில். கிழவர்கள்கூட உன் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். நான் குனியவில்லை. மெல்பேர்ணில் சுட்டு, தகரப் பேணியில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்த பயத்தம் பணியாரத்தை எடுத்து உன்னிடம் நீட்டினேன். நீ கை நீட்டவில்லை. எனக்கும் உனக்கும் நடுவே ஒரு துணியை விரித்தாய். நான் அதன்மேல் வைத்தேன். பிறகு நீ எடுத்தாய். எடுத்து, மீன் குழம்பும் சோறும் கிடந்த அதே பாத்திரத்துக்குள் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாய். ருசியில் பற்று வைக்கக்கூடாது என்று பிறகு விளக்கம் சொன்னாய். சின்ன வயதில் பணியாரத்தின் மேல்மாவை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு உள்ளிருக்கும் உருண்டையைத் தங்கச்சியின் தட்டில் வைப்பவன் நீ. உனக்குப் பற்று விட்டுவிட்டதென்று அன்று பார்த்தேன். எதிலிருந்தெல்லாம் விட்டுப்போனது என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.

சாப்பாடு முடிந்து சனம் கலைந்ததும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "உன்ர அப்பாவுக்குப் பேச்சில்லை. நீ வருவாய் எண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறார். ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டிப்போட்டு வா. நான் உன்னை மறிக்கமாட்டன்."

நீ நிலத்தைப் பார்த்தபடி சொன்னாய்: "இப்ப மழைக்கால விரதம் அம்மா. மூண்டு மாதத்துக்கு இந்த எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கக்கூடாது. அது விதி. விரதம் முடியட்டும், பாப்பம்."

நான் நம்பினேன். விதிக்கு எதிராக உன்னை இழுக்க எனக்கு விருப்பமில்லை. விதியை ஆக்கியவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று மாலியையும் ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு பெரிய துறவியிடம் போனேன். நீயும் வந்து ஓரமாக இருந்தாய். வயதான மனிதர். கோபுர நிழலில் பாய் போட்டு இருந்தார். தரையில் இருந்து கை கூப்பினேன். மகனுக்குக் குனியாத நான் அவருக்குக் குனிந்தேன். "தகப்பன் சாகக் கிடக்கிறார், விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள்" என்று கேட்டேன். ஆசிரியர் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அந்த மனிதரின் முகம் மாறியது. உன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகப் பேசினார். ஆசிரியர் எனக்குச் சொல்லத் தயங்கினார். "என்ன சொன்னாலும் சொல்லுங்கள்" என்றேன்.

"பெற்றவர்களுக்கு நோய் என்றால் விரதத்தின் நடுவிலும் ஏழு நாள் போய்வர அனுமதி உண்டு. புத்தரே கொடுத்த அனுமதி. தந்தி வந்த அன்றே நான் போகச் சொன்னேன். ஊரார் பயணத்துக்கு ஏற்பாடு செய்யவும் தயாராக இருந்தார்கள். இவர்தான் போகவில்லை என்றார்."

மழை தூறத் தொடங்கியிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் நேசன்?" என்றேன்.

காவி உடையின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாய். பிறகு, "பயமாயிருக்கு அம்மா. அப்பாவின்ர முகத்தைப் பாத்தால் நான் திரும்பி வரமாட்டன்" என்றாய்.

"வராட்டி என்ன?"

நீ எழும்பி மழைக்குள் மண்டபத்துக்கு நடந்தாய். பதில் இன்றுவரை வரவில்லை.

அடுத்த நாள் நான் புறப்பட்டபோது அகழிக்கரை வரை வந்தாய். லொறி மற்றக் கரையில் நின்றது. நடுவே நாலு பலகை போட்ட ஒரு சிறு பாலம். நான் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீ தாண்டவில்லை. "கவனமாப் போங்கோ அம்மா" என்று அந்தக் கரையிலிருந்து சொன்னாய். என் பெட்டியை லொறியில் ஏற்றிவிட்டு, லொறி புறப்படும்வரை என் பக்கத்தில் நின்று அழுதவள் மாலி.

வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலைப் பார்த்தபடி சாய்ந்து கிடந்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். கதவை நான் சாத்தியதும் அவருக்கு விளங்கியிருக்கும். ஆனாலும், "விரதம் முடிய வருவான்" என்று பொய் சொன்னேன். "ஓம்" என்றார். அதன் பிறகு தபால்காரனின் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்புவார். உன் விரதம் முடிந்தது. பிறகும் நீ வரவில்லை. இங்கே வசந்தம் முடிகிற நேரம், ரஞ்சினி கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது அவர் போனார்.

அன்றைக்கு மெல்பேர்ணில் எங்களுக்குக் கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. அப்பாவோடு கந்தோரில் வேலை செய்த ஒரு அங்கிள் தேவாரம் படித்தார். தகன மண்டபத்தில், கொள்ளி வைக்க ஆண் பிள்ளை இல்லையே என்று பேச்சு எழுந்தது. இன்னொருவர் தன் மகனை முன்னுக்கு அனுப்பினார், அவன் செய்யட்டும், பொம்பிளைப் பிள்ளை செய்தால் நல்லதில்லை என்று. ரஞ்சினி அந்தப் பெடியனின் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தாள். "இவர் என்ர அப்பா. கஞ்சி குடுத்தது நான்" என்றாள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, அன்று தமிழில் சொன்னாள். பெடியன் பின்னுக்குப் போனான். அவள்தான் எல்லாம் செய்தாள். சாம்பலையும் அவளே முழங்கால் அளவு கடல் தண்ணீரில் இறங்கிக் கரைத்தாள். அப்பா போன செய்தியைத் தந்தியில் அனுப்பிப் பத்து நாள் கழித்து உன் கடிதம் வந்தது: நீ செய்த தியானத்தின் புண்ணியத்தையெல்லாம் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாயாம். அவர் உயிரோடு இருந்தபோது உன்னிடம் கேட்டது புண்ணியமா?

இப்போது, மனம் நிலைக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்று எழுதுகிறாய். மூன்று வருடத்துக்கு முன்னால் நிலைக்காமல் போயிருக்கக்கூடாதா என்று உன் கடிதத்தை வாசித்ததும் சத்தமாகவே கேட்டுவிட்டேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

உன்னிடம் எனக்குச் சொல்ல ஒரு புத்திமதிதான் இருக்கிறது. பயம் வந்தால், பயம் என்று சொல். விதி என்று சொல்லாதே, கொள்கை என்று சொல்லாதே, கடவுள் பெயரையோ புத்தர் பெயரையோ அதற்கு முன்னால் தூக்கிப் பிடிக்காதே. பயந்தவனோடு ஒரு தாய் கூட இருப்பாள். அன்று மண்டபத்தில் நான் கேட்டபோதே, "என்னாலை ஏலாது அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்பாவிடம் வந்து, அவன் பயந்து போயிருக்கிறான் என்று சொல்லியிருப்பேன். அவருக்கு அது விளங்கியிருக்கும். மொழிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டாலும், அவரும் ஒரு நாட்டைவிட்டுப் பயந்து வந்தவர்தான். நீ முதலில் விதியைச் சொன்னாய். அந்த விதி உன்னை மறிக்கவில்லை என்று அந்தப் பெரியவரின் வாயால் கேட்டபோது, நான் மாலிக்கும் ஆசிரியருக்கும் முன்னால் வெட்கப்பட்டேன். என் பிள்ளைக்காக வெட்கப்படுவேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இங்கே வந்தால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ரஞ்சினி தாதியாக வேலை செய்கிறாள். வரும் மாதம் அவளுக்குக் கலியாணம். அழைப்பிதழில் உன் பெயர் இல்லை. போட வேண்டாம் என்று அவள் சொன்னாள், நான் மறுக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டு அவளைத் தொந்தரவு செய்யாதே. அவளாக ஏதாவது பேசினால் பேசு. என்னிடமும் கேட்காதே. மன்னித்துவிட்டேன் என்று சொல்வது சுலபம். பிறகு அதன்படி நடப்பது சுலபமில்லை, எனக்கு இன்னும் அது வரவில்லை. சனம் உன்னைப் பார்க்க வரும். தியானம், ஞானம் என்று கேட்கும். அவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். ஒரு வேலையைத் தேடு. என்ன வேலை என்றாலும் சரி. வீட்டில் சும்மா இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிராதே.

உன் கேள்விக்குப் பதில்: வா. வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, நீயாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன். எனக்கு வேலை இருக்கும். டண்டினொங்குக்கு ரயில் எடுத்து, நிலையத்திலிருந்து நடந்து வா, மறந்திருக்கமாட்டாய். நான் வேலையால் வர நேரமாகலாம். கதவு பூட்டியிருந்தால் வாசலில் இரு. உன் அப்பாவைக் காக்க வைத்த அளவுக்கு நான் உன்னைக் காக்க வைக்கமாட்டேன்.

அம்மா